சிறையிலும் தலைவனாய் நின்ற விமானி

நோர்வூட்டில் வாழும் எங்களுக்கு ஆகாயவிமானம் என்றதும் சப்த கன்னியர் மலையே நினைவுக்கு வரும். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த ஒல்லாந்து விமானம் ஒன்று அம்மலையில் மோதிற்று. அதில் வந்த 191 பேரும் மாண்டனர். ஆண்டுதோறும் அத்தினத்தில் இச்சம்பவத்தை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியனாகிய எனக்கு வழக்கம். ஒருமுறை மாணவன் ஒருவன் எழுந்து, விமானத்தால் இந்நாட்டுக்கு நன்மை விளைந்த கதை ஒன்றேனும் உண்டா என்று வினவினான். அவனுக்கு விடையாக நான் கூறியது லெனார்ட் பேர்ச்சல் என்னும் கனடா தேசத்து விமானியின் வரலாறு.

பேர்ச்சல் 1915ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி ஒன்ராறியோ மாகாணத்துச் செயின்ட் கேத்தரீன்ஸ் நகரிலே பிறந்தார். கிங்ஸ்டன் இராணுவக் கல்லூரியில் பயின்று 1937இல் தேறி, கனடிய விமானப்படையிற் சேர்ந்தார். உலகப்போரின் தொடக்கத்தில் அவருக்கு வாய்த்த பணி, அத்திலாந்திக் கடலின் மீது பறந்து காவல் புரிவது. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், கனடியக் கடலில் நின்ற இத்தாலிய வணிகக் கப்பலொன்றின் மேல் தாழப் பறந்து, தாக்குவதுபோற் பாவனை செய்து, அதனைக் கரைதட்டும்படி செய்தார். வீரத்தோடு சமயோசித புத்தியும் அவரிடம் குடிகொண்டிருந்தது.

1942ஆம் ஆண்டின் முற்பகுதியில் இலங்கையின் நிலை மிக இக்கட்டானது. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் ஜாவாவும் ஜப்பானியர் கைப்பட்டன. நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரிற் பெரும்பங்கு இலங்கையின் இறப்பரே. மலைநாட்டில் கிள்ளிய கொழுந்து தேயிலையாகி, அட்டனிலிருந்து புகையிரதமேறிக் கொழும்புத் துறைமுகத்தைச் சேரும். தோட்டத்து லயங்களில் உலையேறிய பர்மா அரிசியும் அத்துறைமுகத்தின் வழியாகவே வந்தது. இரங்கூன் வீழ்ந்தபின் அவ்வரிசியின் வரத்து நின்றது. அவ்வாண்டே இலங்கையில் பங்கீட்டு முறையும் வந்தது. கொழும்புத் துறைமுகம் அழியுமாயின், கடலையே காணாத மலைநாட்டுத் தொழிலாளியின் அடுப்பும் அவிந்துபோயிருக்கும்.

இந்நெருக்கடியில், கனடிய விமானப்படையின் 413ஆம் அணி ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவிலிருந்து இலங்கைக்கு வருவிக்கப்பட்டது. காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவி அதன் தளமாயிற்று. அவ்வணியின் காட்டலினா விமானங்கள் நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்குவன. இருபது மணி நேரத்துக்கு மேலும் ஆகாயத்தில் நிற்கக்கூடிய அவ்விமானங்கள் வேகத்தில் மிகக் குறைந்தவை. கண்காணிக்க அவை உகந்தவை. போர்விமானம் துரத்தினால் தப்பியோட அவற்றால் இயலாது.

பேர்ச்சல் இலங்கைக்கு வந்து இரு தினங்களே கழிந்திருந்தன. ஏப்ரல் 4ஆம் திகதி விடியுமுன் எட்டுப் பேரோடு அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பகல் முழுவதும் பறந்தும் கடலில் எதுவும் தென்படவில்லை. மாலையில், இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில், அடிவானத்தில் ஒரு கரும்புள்ளி தோன்றிற்று. அருகே சென்று பார்த்தபோது அஃது ஒரு பெருங் கடற்படையாய் விரிந்தது. முந்திய டிசெம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தகர்த்த அட்மிரல் நகுமோவின் படையே அது. விமானந் தாங்கிக் கப்பல்கள் ஐந்து அதில் இருந்தன.

திரும்பி ஓடினாலும் தப்புவதற்கு வழியில்லை என்பது பேர்ச்சலுக்குத் தெரியும். எனவே கப்பல்களை எண்ணினார்; அவை செல்லும் திசையையும் வேகத்தையும் கணித்தார்; வானொலியில் செய்தி அனுப்பப் பணித்தார். ஒவ்வொரு செய்தியையும் மும்முறை அனுப்பவேண்டுமென்பது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கையிலே ஸீரோ விமானங்களின் குண்டுகள் வானொலிக் கருவியைச் சிதைத்தன. எரிந்துகொண்டிருந்த விமானத்தை அவர் கடலில் இறக்கினார். நீரில் தத்தளித்தவர்கள்மீதும் குண்டுகள் பொழிந்தன. ஒன்பதின்மரில் மூவர் உயிரிழந்தனர். எஞ்சிய அறுவரை ஜப்பானிய நாசகாரிக் கப்பலொன்று சிறைப்பிடித்தது.

மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது பாய்ந்தன. எச்சரிக்கை கிடைத்ததால் கப்பல்கள் பல இரவோடிரவாகத் துறைமுகத்தைவிட்டு அகன்றிருந்தன. எனினும், உள்ளதை உள்ளவாறு கூறுவதே வரலாற்றுக்கு அழகு. செய்தி முன்கூட்டியே வந்திருந்தும் விமானங்கள் வந்த நேரத்தை நகரம் உணரவில்லை. காப்பு விமானங்கள் பல வீழ்ந்தன. துறைமுகத்தில் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. முந்திய இரவு கொழும்பைவிட்டுப் புறப்பட்ட கோர்ன்வால், டோர்செட்சயர் என்னும் இரு பெருங் கப்பல்களும் நடுக்கடலில் அழிந்து, 424 பேர் மாண்டனர். ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. அன்று பகைவரைக் கண்ட அதே அணியின் மற்றொரு காட்டலினா சுட்டுவீழ்த்தப்பட்டபோது, அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. எனினும் இலங்கை பகைவர் கைப்படவில்லை. இலங்கையின் மீட்பர் என்ற பட்டம் பேர்ச்சலுக்கு நிலைத்தது.

பெரும்பாலோர் இவ்விடத்தில் கதையை முடித்துவிடுவர். என் கருத்தில் அம்மனிதரின் பெருமை இதற்குப் பின்னரே தொடங்குகிறது. கடலின்மேல் அவர் காட்டிய துணிவு சில நிமிடங்களுக்குரியது. சிறையிலே காட்டியதோ மூன்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது.

கப்பலில் விசாரித்தபோது, செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அவர் சாதித்தார். செய்தியை மீண்டும் அனுப்புமாறு கொழும்பு வானொலி கேட்டதைப் பகைவர் செவிமடுத்ததும் உண்மை வெளியாயிற்று. அடி உதைகள் தொடர்ந்தன. பின்னர் ஜப்பானில் யோகொஹாமா முதலிய இடங்களின் முகாம்களில் அடைபட்டார். அங்கே கைதிகளுக்குள் உயர்ந்த பதவியுடையவராய் இருந்தமையால் தலைமை அவரைச் சேர்ந்தது. தலைமையென்பது இறுதியாக உண்பது என்று அவர் பொருள்கொண்டார். அதிகாரிகள் மற்றவருக்குப் பின்னரே உண்டனர். தன் பங்கு குறைந்ததென்று எண்ணும் எவனும் அதிகாரி ஒருவரின் கோப்பையை மாற்றி எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே நியதியாயிற்று.

நோயாளிகளையும் வேலைக்கு அனுப்பக் காவலர் முயன்ற ஒருநாள், பேர்ச்சல் குறுக்கே நின்று காவல் அதிகாரியைத் தம் உடல்வலியாலேயே தடுத்தார். அதற்குத் தண்டனையாகத் தனிச்சிறையில் பல நாள் கொடுமை அனுபவித்தார். ஆயினும், தனிச்சிறைக்குப் போகுமுன்பே அந்நோயாளிகளுக்கு ஓய்வு பெற்றுக்கொடுத்துவிட்டார்.

இவ்விடத்தைக் கூறுகையில் என் குரல் தளர்ந்ததை மாணவர் கவனித்திருப்பர். அதே காலத்தில் ஒரு தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் நிகழ்ந்ததை என் பாட்டனார் பலமுறை சொல்லியிருக்கிறார். காய்ச்சலால் நடுங்கிக்கொண்டிருந்த ஒருவரை அன்று மலைக்கு விரட்டினார்கள். பேர் வெட்டப்படுமே என்ற அச்சத்தால் எவரும் வாய் திறக்கவில்லை, பாட்டனாரும் திறக்கவில்லை. முதுமையிலும் அவரை வருத்தியது, தாம் பட்ட அடிகளைவிட அந்த ஒரு காலை நேரத்து மௌனமே. போர்க்கைதியின் துன்பமும் தோட்டத் தொழிலாளியின் துன்பமும் ஒன்றென நான் கூற வரவில்லை. ஆனால் பேர்ச்சல் அன்று எடுத்துவைத்த அடி எத்துணைக் கனமானது என்பதை, அந்த அடியை வைக்க முடியாதுபோன ஒருவரிடமிருந்தே நான் கற்றேன்.

முகாமில் நிகழ்ந்த கொடுமைகளையும் மரணங்களையும் பேர்ச்சல் நாட்குறிப்பாக எழுதி மறைத்துவைத்தார். 1945இல் விடுதலை பெற்றபின், போர்க்குற்ற விசாரணைகளில் அக்குறிப்புகள் சாட்சியாயின. 1963 முதல் 1967 வரை, தாம் பயின்ற கல்லூரிக்கே அவர் தலைவராய் விளங்கினார். 2004ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி, தமது 89ஆம் வயதில் கிங்ஸ்டன் நகரில் காலமானார். அவருடைய அணி இலங்கையின் நினைவாக யானைத் தலையைத் தன் இலச்சினையாகப் பூண்டது. பிற்காலத்தில் ஆபத்தில் சிக்கியோரைத் தேடி மீட்கும் பணியை அது மேற்கொண்டது.

கதை முடிந்ததும், கேள்வி கேட்ட மாணவன் மீண்டும் எழுந்தான். தனிச்சிறைக்கு அவர் சென்றபோது அந்த நோயாளிகள் என்ன செய்தனர் என்று கேட்டான். அவர்கள் அன்று ஓய்வெடுத்தனர் என்றேன். அதுவே போதும் என்பதுபோல் அவன் அமர்ந்துகொண்டான்.