வெற்றியிலும் முதல்வர், தோல்வியிலும் முதல்வர்

ஆண்டு விழா மேடையில் முதல் மதிப்பெண் பெற்றவர்களையும், ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர்களையும் அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். அதிக முறை தோற்றவரை யாரேனும் மேடைக்கு அழைப்பதுண்டா? அப்படி அழைக்கப்பட்ட மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பேஸ்பால் ஆட்ட வரலாற்றில் அவரைவிட அதிக வெற்றிகளைக் கண்ட மானேஜர் இல்லை. அவரைவிட அதிகத் தோல்விகளைக் கண்ட மானேஜரும் இல்லை. வெற்றிகள் 3,731. தோல்விகள் 3,948. இவ்விரண்டு எண்களுக்கும் சொந்தக்காரர் கானி மேக் என்ற பெரியவர்.

பேஸ்பால் நமக்கு அவ்வளவு பழக்கமான ஆட்டமன்று. கிரிக்கெட்டைப் போலவே ஒருவர் பந்தை எறிவார், மற்றொருவர் மட்டையால் அடிப்பார். மட்டையாளருக்குப் பின்னால், நம் விக்கெட் கீப்பரைப் போல, ஒருவர் குந்தி உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கேட்சர் என்று பெயர். மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் மட்டையாளரை நோக்கி நிற்க, கேட்சர் ஒருவர் மட்டும் மைதானம் முழுவதையும் எதிரே பார்த்தபடி இருப்பார். எப்படிப் பந்து எறிய வேண்டும் என்று விரல்களால் சைகை காட்டுபவரும் அவரே. ஆட்டத்தின் போக்கை நன்கு அறிந்தவர் அவர். ஆனால் பார்வையாளரின் கைத்தட்டல் அவருக்குக் குறைவாகவே கிடைக்கும். கானி மேக் தம் வாழ்க்கையை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார்.

அவர் 1862ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிழக்கு புரூக்பீல்டு என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கர். இட்ட பெயர் கார்னீலியஸ் மெக்கிலிகடி. இந்த நீண்ட குடும்பப் பெயரை வீட்டாரும் ஊராரும் சுருக்கி மேக் என்றே வழங்கினர். தந்தை அமெரிக்க உள்நாட்டுப் போரில் போர்வீரராக இருந்துவிட்டு நலிந்த உடலோடு திரும்பியவர். வீட்டில் பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. ஆகவே ஒன்பது வயதிலேயே கோடை விடுமுறையில் பஞ்சாலை வேலைக்குப் போனான் சிறுவன் கார்னீலியஸ். சில ஆண்டுகளில் பள்ளிக்கூடமும் நின்றுபோயிற்று. பின்னர் ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை. மாலை வேளைகளில் ஊர்ப் பையன்களோடு பேஸ்பால். ஆறடிக்கு மேல் உயரமும் ஒல்லியான உடலுமாக இருந்த அவர், குந்தி உட்கார வேண்டிய கேட்சர் இடத்துக்குப் பொருத்தமானவராகத் தோன்றவில்லை. ஆயினும் அந்த இடமே அவருக்கு அமைந்தது.

1884ஆம் ஆண்டு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, சம்பளம் வாங்கும் ஆட்டக்காரராக கனெக்டிகட் மாநிலத்தில் மெரிடன் நகரக் குழுவில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1886ல், வாஷிங்டன் குழு மூலம் முதல்தர ஆட்டத்துக்கு உயர்ந்தார். அக்காலத்தில் கேட்சருக்குக் கிடைத்த கையுறையும் கவசமும் மிகச் சாதாரணமானவை. வேகமாக வரும் பந்து பட்டு விரல்கள் வளைந்து போவது அந்தத் தொழிலில் வழக்கம். மட்டை அடிப்பதில் மேக் பெரிய சூரர் அல்லர். பதினொரு பருவங்களில் ஐந்தே ஐந்து முறைதான் பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் எடுத்திருக்கிறார். அறிவைக் கொண்டே அவர் ஆடினார்.

அந்த அறிவு எப்போதும் நேர்வழியில் சென்றது என்று சொல்வதற்கில்லை. மட்டையின் ஓரத்தை உரசி வரும் பந்தைக் கேட்சர் பிடித்துவிட்டால் மட்டையாளர் அவுட் என்பது அன்றைய விதி. மட்டையில் படாமலே பந்து வந்தபோதும், உரசியது போன்ற ஓசையைத் தம் கையாலேயே எழுப்பி நடுவரை ஏமாற்றுவார் மேக். அடிக்கும் நேரத்தில் மட்டையைச் சற்றே தொட்டுத் தடுமாறச் செய்வதும் உண்டு. பிற்காலத்தில் அப்பழுக்கற்ற கனவான் என்று நாடே போற்றிய மனிதருக்கு இளமையில் இத்தகைய குறும்புகளும் இருந்தன. பிறக்கும்போதே யாரும் பெரியவராகப் பிறந்துவிடுவதில்லை.

இரண்டு அடிகள் அவரைப் பக்குவப்படுத்தின. 1890ல் முதலாளிகளின் கெடுபிடியை எதிர்த்து ஆட்டக்காரர்களே ஒன்றுகூடித் தனியாக ஒரு சங்கம் தொடங்கினர். மேக் தாம் சேர்த்து வைத்திருந்த 500 டாலரை அதன் பபலோ நகரக் குழுவில் போட்டார். ஓராண்டுக்குள் சங்கம் கலைந்தது, பணமும் போயிற்று. அதைவிடப் பெரிய அடி 1892 டிசம்பரில் விழுந்தது. மணமாகி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த மனைவி மார்கரெட், மூன்று சிறு குழந்தைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். முப்பது வயது மேக், குழந்தைகளைத் தம் தாயிடம் ஒப்படைத்துவிட்டு மீண்டும் மைதானத்துக்குத் திரும்பினார். அடுத்த பதினெட்டு ஆண்டுகள் அவர் மறுமணம் செய்து கொள்ளவில்லை.

அப்போது அவர் பிட்ஸ்பர்க் குழுவில் இருந்தார். 1894ல் ஆட்டக்காரராக இருந்தபடியே அக்குழுவுக்கு மானேஜரும் ஆனார். யாரை ஆட விடுவது, எப்போது மாற்றுவது, எப்படி ஆடச் செய்வது என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் மானேஜர். மூன்றாவது பருவத்தின் முடிவில் அந்தப் பதவி பறிபோயிற்று. பிறகு மில்வாக்கி நகருக்குச் சென்று நான்கு ஆண்டுகள் சிறிய குழுவொன்றை நடத்தினார். 1901ல் அமெரிக்கன் லீக் என்னும் புதிய சங்கம் முதல்தரச் சங்கமாகத் தலையெடுத்தபோது, பிலடெல்பியா நகரில் அத்லெடிக்ஸ் என்ற குழுவைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. விளையாட்டுப் பொருள்கள் செய்து விற்ற பென் ஷைப் என்பவர் பெருமளவு முதல் போட்டார். மேக்குக்குக் கால் பங்கு உரிமை கிடைத்தது.

தொடக்கத்திலேயே ஒரு கேலி எழுந்தது. போட்டிச் சங்கத்தைச் சேர்ந்த ஜான் மக்ரா என்னும் புகழ்பெற்ற மானேஜர், இந்தக் குழு பணத்தை விழுங்கும் வெள்ளை யானை என்று பரிகசித்தார். மேக் கோபித்துக் கொள்ளவில்லை. வெள்ளை யானையையே தம் குழுவின் சின்னமாக ஏற்றுக்கொண்டார். அதே 1902ஆம் ஆண்டில் சங்கத்தின் முதலிடத்தையும் பிடித்தார். யானை அக்குழுவின் சின்னமாகவே நிலைத்துவிட்டது.

மேக் குழுவை நடத்திய விதம் தனியானது. மற்ற மானேஜர்கள் ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை அணிந்து, நடுவரோடு சண்டையிட்டு, கூச்சலிட்டுக் கொண்டிருந்த காலம் அது. இவரோ கோட்டும் கழுத்துப்பட்டையும் விறைப்பான உயர்ந்த காலரும் அணிந்து பெஞ்சியில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். கையில் ஆட்டக் குறிப்பு அட்டை ஒன்று இருக்கும். அதை இப்படியும் அப்படியும் அசைத்தே ஆட்டக்காரர்களை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவார். தவறு செய்தவரைப் பிறர் முன்னிலையில் ஏசமாட்டார். மறுநாள் தனியே அழைத்துப் பேசுவார். ஆட்டக்காரர்கள் அவரைத் திருவாளர் மேக் என்றே மரியாதையுடன் அழைத்தனர். தாம் படிக்க முடியாமற் போனவர் என்பதாலோ என்னவோ, கல்லூரியில் படித்த இளைஞர்களைத் தேடிச் சேர்த்தார். எடி காலின்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். பந்து எறிவதில் வல்லவரான பெண்டர், ஒஜிப்வே என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்தவர். ஊரெல்லாம் அவரைச் சீஃப், அதாவது குலத் தலைவன், என்று கேலியாகக் கூப்பிட்டபோது, மேக் மட்டும் ஆல்பர்ட் என்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்.

இந்த வழி பலன் தந்தது. 1910, 1911, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அத்லெடிக்ஸ் உலகக் கோப்பைத் தொடரை வென்றது. 1914ல் மீண்டும் இறுதிக்கு வந்தது. ஆனால் பாஸ்டன் குழுவிடம் நான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து தோற்றது. அந்தச் சமயத்தில் புதிதாய் முளைத்த வேறொரு சங்கம் அதிகச் சம்பளம் காட்டி ஆட்டக்காரர்களை இழுத்தது. மற்ற முதலாளிகளில் பலருக்கு வேறு தொழில்கள் இருந்தன. மேக்குக்குக் குழுவே தொழில், குழுவே சோறு. அந்த அளவு சம்பளம் கொடுக்க அவரிடம் பணமில்லை. சிலரை விற்றார், சிலரைப் போகவிட்டார். எடி காலின்ஸ் 50,000 டாலருக்குச் சிகாகோ குழுவுக்குப் போனார். தாம் செதுக்கிய சிலையைத் தாமே உடைத்தது போலாயிற்று. 1916ல் வெற்றி 36, தோல்வி 117. 1915 முதல் 1921 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கடைசி இடம். ரசிகர்கள் பொறுமையிழந்தனர்; விலகச் சொன்னவர் பலர். மேக் தினமும் காலரைச் சரிசெய்து கொண்டு, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதே பெஞ்சியில் வந்து உட்கார்ந்தார்.

மெல்ல மெல்லப் புதிய இளைஞர்களைச் சேர்த்தார். ஜிம்மி பாக்ஸ், லெப்டி குரோவ், அல் சிம்மன்ஸ், தம்மைப் போலவே கேட்சரான மிக்கி காக்ரேன் என நால்வரும் பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்றவர்கள். 1929ல் குழு மறுபடியும் சங்கத்தின் முதலிடம் பெற்றுச் சிகாகோவை எதிர்த்து உலகக் கோப்பைத் தொடருக்குச் சென்றது. முதல் ஆட்டத்தில் பந்து எறியப் போவது யார் என்று எல்லோரும் ஆவலோடு காத்திருந்தனர். மேக் அனுப்பியது ஹோவர்டு எம்கி என்ற 35 வயதுக்காரரை. அந்த ஆண்டு அவர் மிகக் குறைவாகவே ஆடியிருந்தார். பருவ இறுதியில் மேக் அவரை நீக்க நினைத்திருந்தார். கடைசியாக ஒரு வாய்ப்புத் தரும்படி எம்கி கேட்டுக்கொண்டார். மேக் அதற்கு இணங்கி, சிகாகோ குழுவின் ஆட்டங்களைப் பார்த்து ஒவ்வொருவரின் பலவீனத்தையும் குறித்துவர அவரை இரகசியமாக அனுப்பியிருந்தார். அன்று எம்கி 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றிப் புதிய சாதனை படைத்தார். அத்லெடிக்ஸ் வென்றது. நான்காவது ஆட்டத்தில் எட்டு ஓட்டங்கள் பின்தங்கியிருந்த நிலையில், ஒரே சுற்றில் பத்து ஓட்டங்கள் எடுத்து வென்றார்கள். கோப்பை அவர்களுக்கே. 1930லும் அவர்களுக்கே. மேக்குக்கு அப்போது வயது 67.

விதி மீண்டும் விளையாடியது. 1929 அக்டோபரில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி நாட்டையே வாட்டியது. வேலையிழந்த மக்கள் ஆட்டம் பார்க்க வரவில்லை. வங்கிக் கடன் கழுத்தை நெரித்தது. 1932க்கும் 1935க்கும் இடையே சிம்மன்ஸ், குரோவ், காக்ரேன், பாக்ஸ் ஆகிய நால்வரையும் ஒருவர் பின் ஒருவராக விற்றார். அதன் பிறகு அவர் காலத்தில் ஒரு முறைகூட முதலிடம் கிட்டவில்லை. ஐம்பது பருவங்களில் பதினேழு முறை கடைசி இடம்.

அவருடைய குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்டரைப் பெயர் சொல்லி அழைத்த அந்தப் பெருந்தன்மை, கறுப்பின ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறக்கவில்லை. 1947ல் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையைத் தகர்த்த பின்னரும், மேக் மானேஜராக இருந்தவரை அத்லெடிக்ஸில் ஒரு கறுப்பினத்தவரும் ஆடவில்லை. 1953ல்தான் அது நடந்தது. மேலும், விலக வேண்டிய நேரத்தில் அவர் விலகவில்லை. குழு அவருக்கே சொந்தமாகிவிட்டதால் போகச் சொல்ல ஆளில்லை. எண்பது வயதைத் தாண்டிய பின் நினைவு தடுமாறியது. என்றோ ஆடிப் போனவர்களின் பெயரைச் சொல்லி அழைப்பார். உதவியாளர்கள் பேசாமல் சரியானவரை அனுப்பி வைப்பார்கள். இறுதியில் 1950 அக்டோபரில், 87ஆம் வயதில், பதவியை விட்டார். 1954ல் குழு விற்கப்பட்டுக் கன்சாஸ் நகருக்குப் போனது. 1956 பிப்ரவரி 8ஆம் நாள் தமது 93ஆம் வயதில் பிலடெல்பியாவில் காலமானார்.

பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 1937ல். அப்போதே அவர் கணக்கில் தோல்விகள் ஏராளம். மண்டபத்தார் அவற்றை அறியாமல் அழைக்கவில்லை. கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வெற்றியைவிடத் தோல்வியே 217 அதிகம். ஆனால் 3,948 முறை தோற்ற மனிதர், அத்தனை முறையும் மறுநாள் வந்து உட்கார்ந்தார் என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது. அப்படி வந்து உட்காராதவருக்கு 3,731 வெற்றிகள் கிடைத்திரா.

அவர் ஆண்ட மைதானம் 1976ல் இடிக்கப்பட்டது. அவரது சிலை மட்டும் பிலடெல்பியாவில் நிற்கிறது. அந்தச் சிலையின் கையில் கோப்பை இல்லை. உயர்த்திப் பிடித்த குறிப்பு அட்டைதான் இருக்கிறது. தோழியரே, நம் கையிலும் ஆண்டுதோறும் ஒரு மதிப்பெண் அட்டை வருகிறது. சில ஆண்டுகள் அதை மகிழ்ச்சியோடு நீட்டுவோம். சில ஆண்டுகள் மறைக்கத் தோன்றும். மறைக்கத் தோன்றும் நாளில் இந்த ஒல்லியான பெரியவரை நினைத்துக்கொள்வோம். மறுநாள் காலை மணி அடிக்கும்போது, நம் இடத்தில் நாம் இருப்போம்.