ரோலர் கோஸ்டரின் ‘டக் டக்’ சத்தம்: யார் இந்த ஜான் மில்லர்?

விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியவர்களுக்குத் தெரியும், நாம காசு கொடுத்து வாங்குறதே பயத்தைத்தான். ரோலர் கோஸ்டரில் அந்தப் பயத்தை ஆபத்தில்லாமல் ஆக்கியவர் ஜான் மில்லர்.

1872-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிறந்தவர். 1884-லேயே நியூயார்க்கின் கோனி தீவில் ரோலர் கோஸ்டர் ஓட்டிய லாமார்கஸ் தாம்சனிடம், 19 வயதில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டியை மேலே இழுக்கும் சங்கிலி அறுந்தால் அவ்வளவுதான், பெட்டி பின்னோக்கி உருளும். 1910-ல் மில்லர் இதற்கு வழி கண்டார்: தடத்தில் பற்கள், பெட்டிக்கு அடியில் கொக்கி. ஏறும்போது பல கோஸ்டர்களில் கேட்கும் ‘டக் டக்’ அதுதான்.

1919-ல், பெட்டி துள்ளி எழாதபடி தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் வைத்தார். செங்குத்துச் சரிவும் அசுர வேகமும் அதன்பிறகுதான் சாத்தியமாச்சு. 100-க்கும் அதிகமான காப்புரிமைகள் பெற்ற மில்லர், 1941-ல் மறைந்தார்.

பாதுகாப்பு பார்த்தா தொழில் படுத்துடும் என்பவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில். கோஸ்டர் உயர்ந்ததே பாதுகாப்பு வந்த பிறகுதான். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்ற விதி மீறப்படும்போதெல்லாம் உயிர்களைப் பறிகொடுக்கும் சிவகாசிக்கும் இது பொருந்தும்.