குணம் அறியக் கேள்வித்தாள் தந்த இல்லத்தரசி

ஒரே அறையில், ஒரே சம்பளத்தில் வேலை பார்க்கும் இரண்டு குமாஸ்தாக்களுக்குள் ஒத்துப்போகாது. ஒருவர் எதையும் வாய்விட்டுப் பேசித்தான் முடிவுக்கு வருவார். மற்றவருக்கு, பைலை எடுத்துக்கொண்டு தனியே உட்கார்ந்தால்தான் யோசனை ஓடும். இவரை அவர் உம்மணாமூஞ்சி என்பார். அவரை இவர் வாயாடி என்பார். இருவரிடமும் குற்றமில்லை, குணம்தான் வேறு என்று எடுத்துக்காட்டுவதற்காக வாழ்நாளில் ஏறக்குறையப் பாதியைச் செலவிட்டவர் அமெரிக்கரான இஸபெல் பிரிக்ஸ் மையர்ஸ் அம்மையார்.

இவர் 1897-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி வாஷிங்டனில் பிறந்தார். தந்தை லைமன் பிரிக்ஸ் பெயர் பெற்ற பௌதிக விஞ்ஞானி. தாய் காதரின், மகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தார். ஸ்வார்த்மோர் கல்லூரியில் அரசியல் படித்து 1919-ல் பட்டம் பெற்றார் இஸபெல். மனோதத்துவத்தில் அவருக்குப் பட்டம் எதுவும் கிடையாது.

மாப்பிள்ளையால் வந்த ஆராய்ச்சி

கல்லூரியில் பழக்கமான கிளாரன்ஸ் மையர்ஸை 1918-ல் அவர் மணந்தார். மாப்பிள்ளை பின்னாளில் வக்கீலானவர். எதையும் தர்க்கத்தோடு, விவரத்தோடு பார்க்கிறவர். மாமியார் வீட்டிலோ கற்பனைக்குத்தான் முதலிடம். நல்ல பிள்ளைதான், ஆனால் நம்மைப்போல் இல்லையே என்று காதரினுக்கு வியப்பு. நம் ஊர் மாமியாராக இருந்தால் அக்கம்பக்கத்தில் சொல்லி ஆறுதல் தேடியிருப்பார். காதரின் பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் புரட்டி, மனிதர்களை வகை பிரிக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்து மனோதத்துவ அறிஞர் கார்ல் யுங் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1923-ல் கைக்கு வந்தபோது, தாம் தேடியது அதில் இருப்பதைக் கண்டார்.

மகளுக்கு அப்போது இதில் அவ்வளவு நாட்டமில்லை. குழந்தைகளை வளர்த்துக்கொண்டே துப்பறியும் நாவல் எழுதி, 1929-ல் ஒரு பத்திரிகைப் போட்டியில் பரிசு பெற்றார். 1934-ல் வந்த இரண்டாவது நாவல், கறுப்பர் ரத்தம் கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்துக்காகவே ஒரு குடும்பத்தார் உயிரை மாய்த்துக்கொள்வதாகச் சொல்லும் கதை. எல்லாக் குணமும் சமம் என்று பின்னாளில் சொன்னவர் எழுதியதுதான் அது, மறைப்பதற்கில்லை.

யுத்த காலம்

இரண்டாவது உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, தொழிற்சாலைகளிலும் ஆபீசுகளிலும் புதியவர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறைந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும், யாரோடு யார் ஒத்துப்போவார் என்பது பெரிய கேள்வியாயிற்று. 1942-ல் இஸபெல் கேள்விகள் எழுதத் தொடங்கினார். பிலடெல்பியாவில் ஒரு பாங்கியின் சிப்பந்திகள் விவகாரத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் ஹேயிடம் போய், சோதனைத்தாள் தயாரிக்கும் முறையையும் புள்ளிவிவரக் கணக்கையும் கற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கு மேல்.

கேள்விகள் சாதாரணமானவை. கூட்டத்தில் பழகப் பிடிக்குமா, தனிமையா? கண்ணால் கண்டதை நம்புவாரா, உள்ளுணர்வையா? முடிவெடுப்பது தர்க்கத்தாலா, மனிதரின் மனம் பார்த்தா? வேலையை முன்கூட்டியே திட்டமிட்டு முடிப்பவரா, கடைசிவரை இழுத்துப் போகிறபடி போகவிடுபவரா? இந்த நான்கு இரட்டைகளால் பதினாறு வகைகள். சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லாததால், இதைச் சோதனை என்று சொல்லாமல் சுட்டுகோல் என்றே பெயரிட்டார். மருத்துவ மாணவர் 5,000 பேருக்கு மேல் இதைக் கொடுத்து விடை வாங்கிக் கணக்கிட்டார்.

படித்தவர்கள் சும்மா விடவில்லை. பரீட்சைத்தாள் தயாரிப்பதில் அமெரிக்காவிலேயே பெரிய நிறுவனமான எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் 1962-ல் இதை வெளியிட்டது. அதுவும் ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு. அங்கிருந்த நிபுணர் பலர், பட்டமில்லாத அம்மையாரை மதிக்கவே இல்லை. 1975-ல் வேறொரு வெளியீட்டாரிடம் போன பிறகுதான் அது பரவியது.

நிபுணர்கள் சொன்ன குறையில் நியாயமும் உண்டு. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. பெரும்பாலோர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இல்லாமல் நடுவில்தான் இருக்கிறார்கள். இதைக்கொண்டு ஆளை வேலைக்கு எடுக்கவோ ஒதுக்கவோ கூடாது என்று இன்று வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. ஆனாலும் எழுத்துக்களைப் பார்த்து ஆளை எடைபோடும் மானேஜர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். எந்த வகையும் மற்றதைவிட உயர்ந்ததல்ல என்று அம்மையார் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை போலும்.

தாய் காதரின் 1968-ல் காலமானார். புற்றுநோயால் வாடிய இஸபெல், மகன் பீட்டரின் துணையோடு தம் ஆராய்ச்சியை நூலாக்கிக்கொண்டிருந்தார். 1980-ம் ஆண்டு மே 5-ந் தேதி அவர் மறைந்தார். அந்த ஆண்டிலேயே நூல் வெளிவந்தது.