குழந்தை கையில் சானிட்டைசர்... கை சுத்தத்துக்காகப் போராடி வாழ்க்கையையே இழந்த டாக்டர் - யார் இந்த செம்மல்வைஸ்?

2021 ஜனவரி 31. நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து முகாம். மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே 5 வயதுக்கு உட்பட்ட 12 குழந்தைகளின் வாயில் சொட்டு மருந்துக்கு பதிலாக சானிட்டைசரை விட்டுவிட்டார்கள். தவறு தெரிந்ததும் குழந்தைகளை மருத்துவமனைக்கு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, 12 பேரும் தப்பித்துவிட்டார்கள்.

கொரோனா காலத்தில் வீட்டுக்குள் வந்த சானிட்டைசர் பாட்டில் இன்னும் நம்ம வீட்டை விட்டுப் போகவில்லை. பல வீடுகளில் டிவி ஸ்டாண்ட் மேலேயே இருக்கிறது. சில குழந்தைகளின் ஸ்கூல் பேக்கில் சாவிக்கொத்து மாதிரி தொங்குகிறது. கிருமியிடம் இருந்து காப்பாற்ற வந்த அதே திரவம், குழந்தையின் வாய்க்கோ கண்ணுக்கோ போனால் ஆபத்து. அப்போ இதை எப்படித்தான் பயன்படுத்துவது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், கதை 175 ஆண்டுகளுக்கு முன்னால் வியன்னாவில் இருந்த ஒரு பிரசவ வார்டில் போய் நிற்கிறது. தாயையும் சேயையும் தொடும் முன் கையை ரசாயனத்தில் கழுவியே ஆக வேண்டும் என்று டாக்டர்களுக்கு கறாராக உத்தரவு போட்ட ஒரு இளம் டாக்டர் அங்கே இருந்தார். 2020 மார்ச் 20 அன்று கூகுள் தன் முகப்பில் ஒருவர் படத்தைப் போட்டு கை கழுவச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? அவர்தான் இக்னாஸ் செம்மல்வைஸ்.

*மளிகைக்கடைக்காரர் மகன்*

இன்றைய புடாபெஸ்ட் நகரத்தின் ஒரு பகுதியான புடாவில், 1818 ஜூலை 1 அன்று பிறந்தவர் செம்மல்வைஸ். அப்பா வசதியான மளிகை வியாபாரி. வீட்டில் மொத்தம் 10 பிள்ளைகள், இவர் ஐந்தாவது.

1837-ல் சட்டம் படிக்கத்தான் வியன்னாவுக்குப் போனார். ஆனால் சீக்கிரமே மருத்துவப் படிப்புக்கு மாறிவிட்டார். 1844-ல் டாக்டர் பட்டம் கிடைத்தது. 1846 ஜூலையில் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில், பேராசிரியர் யோஹான் க்ளைனுக்கு உதவியாளராக சேர்ந்தார். அப்போது வயது 28.

*ஒரே மருத்துவமனை, இரண்டு தலைவிதி*

அந்த மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி எடுத்தார்கள். இரண்டாவது பிரிவில் மருத்துவச்சிகள் பயிற்சி எடுத்தார்கள். எந்த நாளில் வலி எடுத்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்து, பெண்களை ஏதாவது ஒரு பிரிவில் சேர்ப்பார்கள்.

முதல் பிரிவில் சேர்ந்தால் உயிர் தப்புவது கஷ்டம் என்பது ஊருக்கே தெரியும். அங்கே சேர்க்க வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டு கெஞ்சினார்கள். தெருவிலேயே பிள்ளையைப் பெற்றுக்கொண்டு அதன் பிறகு உள்ளே வந்தவர்களும் உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அப்படித் தெருவில் பெற்றவர்கள் முதல் பிரிவில் பெற்றவர்களை விட நன்றாகவே பிழைத்தார்கள்.

1846-ம் ஆண்டு கணக்கைப் பாருங்கள். முதல் பிரிவில் 4,010 பிரசவங்கள், 459 தாய்மார்கள் மரணம். அதாவது 100-க்கு 11 பேருக்கு மேல். இரண்டாவது பிரிவில் 3,754 பிரசவங்கள், 105 மரணம். 100-க்கு 3 பேர் கூட இல்லை. காரணம், பிரசவக் காய்ச்சல். தாய்மார்கள் மட்டுமல்ல, பிறந்த குழந்தைகளும் அதே நோயில் செத்துக்கொண்டிருந்தன.

*ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்*

கெட்ட காற்று என்றார்கள். அப்படியென்றால் பக்கத்து வார்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை? கூட்டம் அதிகம் என்றார்கள். உண்மையில் இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். பாதிரியார் மணி அடித்துக்கொண்டு வார்டுக்குள் வருவதால் பயத்தில் சாகிறார்கள் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. செம்மல்வைஸ் பாதிரியாரை வேறு வழியில், மணி இல்லாமல் வரச் செய்தார். மரணம் குறையவில்லை. பிரசவத்தின்போது படுக்க வைக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தார். அதுவும் உதவவில்லை.

1847 மார்ச்சில் விடை கிடைத்தது. ஆனால் அதற்கு விலை, அவருடைய நண்பரின் உயிர். தடய மருத்துவப் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் தவறுதலாகப் பட்டது. சில நாட்களில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். அவர் உடலைப் பரிசோதித்த குறிப்புகளைப் படித்த செம்மல்வைஸ் அதிர்ந்துபோனார். பிரசவக் காய்ச்சலில் இறந்த பெண்களின் உடலில் என்ன இருந்ததோ, அதேதான் இவர் உடலிலும் இருந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. முதல் பிரிவு டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் பிரேதப் பரிசோதனை செய்வார்கள். அங்கிருந்து நேராக பிரசவ வார்டுக்கு வந்து, அதே கையால் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பார்கள். மருத்துவச்சிகளுக்கு பிணவறையில் வேலையே இல்லை. வித்தியாசம் காற்றில் இல்லை, கையில்தான் இருந்தது!

இதில் அவரை ரொம்பவே உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. மற்றவர்களைவிட அக்கறையாக, தினமும் பிரேதப் பரிசோதனை செய்தவர் செம்மல்வைஸ்தான். அப்படியென்றால் தன் கையாலேயே எத்தனை பெண்கள் இறந்திருப்பார்கள்? இந்தக் குற்ற உணர்ச்சியை அவர் மறைக்கவில்லை. பின்னாளில் எழுதிய புத்தகத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

*பிளீச்சிங் பவுடர் கரைசல்*

1847 மே மாதத்தின் நடுவில் உத்தரவு வந்தது. பிரசவ வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கை கழுவ வேண்டும். சோப்பு போட்டுக் கழுவினாலும் கையில் பிணவாடை நிற்கிறது, அந்த வாடையைப் போக்கும் பொருள் நோயைக் கொண்டுவரும் பொருளையும் அழிக்கும் என்பது அவர் கணக்கு. முதலில் பயன்படுத்திய திரவம் விலை அதிகம். அதனால் மலிவான குளோரின் சுண்ணாம்புக்கு மாறினார். நம்ம ஊரில் தண்ணீர்த் தொட்டியில் போடுகிறோமே, அந்த பிளீச்சிங் பவுடரேதான்.

அந்த ஏப்ரலில் முதல் பிரிவில் மரணம் 18 சதவீதத்துக்கு மேல். ஜூனில் 2.2 சதவீதம். ஜூலையில் 1.2 சதவீதம். அடுத்த ஆண்டு, 1848-ல், 3,556 பிரசவங்களுக்கு 45 மரணம்தான். அதாவது இரண்டாவது பிரிவுக்கு சமமாகிவிட்டது. அந்த ஆண்டு மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் ஒரு தாய் கூட இறக்கவில்லை.

நடுவில் ஒரு சறுக்கலும் வந்தது. 1847 அக்டோபரில், கர்ப்பப்பை புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணை முதல் படுக்கையில் வைத்திருந்தார்கள். அவரைப் பரிசோதித்த கையோடு வரிசையாக மற்றவர்களையும் பரிசோதித்ததில் 11 பேர் இறந்தார்கள். வார்டுக்குள் நுழையும்போது ஒரு தடவை கழுவினால் போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் கழுவ வேண்டும் என்று அன்று விதியை மாற்றினார். இன்றைக்கும் எல்லா மருத்துவமனைகளிலும் இதே விதிதான்.

*ஏன் ஏற்கவில்லை?*

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் மருத்துவ உலகம் ஏன் நம்பவில்லை?

முதல் காரணம், அப்போது கிருமிக் கொள்கையே வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையில் ஒட்டிக்கொண்டு ஆளைக் கொல்லும் என்றால் யாரும் நம்பத் தயாராக இல்லை. செம்மல்வைஸுக்கும் கிருமி பற்றித் தெரியாது. அழுகிய பொருளின் துகள் என்றுதான் சொன்னார்.

இரண்டாவது, டாக்டர்களின் கௌரவம். நோயைக் கொண்டுவருவதே உங்கள் கைதான் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

மூன்றாவது, செம்மல்வைஸின் தவறு. இதையும் சொல்லியே ஆகணும். தன் கண்டுபிடிப்பை அவர் உடனே எழுதவில்லை. அவருக்காக எழுதியது நண்பரும் தோல் மருத்துவருமான ஃபெர்டினாண்ட் ஹெப்ரா. செம்மல்வைஸின் சொந்தப் புத்தகம் வந்தது 1861-ல், அதாவது 14 ஆண்டுகள் கழித்து!

1849-ல் அவரது பதவி நீட்டிக்கப்படவில்லை. 1850-ல் நண்பர்களிடம்கூட சொல்லாமல் சட்டென வியன்னாவை விட்டு சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். பெஸ்ட் நகரின் செயின்ட் ரோகுஸ் மருத்துவமனையில் சம்பளம் இல்லாத கௌரவப் பொறுப்பு கிடைத்தது. அங்கேயும் அதே விதியைக் கொண்டுவந்தார். 1851 முதல் 1855 வரை 933 பிரசவங்களில் 8 பேர்தான் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். 1855-ல் பெஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1857-ல் திருமணம். பிறந்த 5 குழந்தைகளில் இரண்டு கைக்குழந்தையாகவே இறந்துபோயின.

புத்தகத்துக்கும் நல்ல வரவேற்பு இல்லை. பொறுமை இழந்தவர், ஐரோப்பாவின் பிரபல மகப்பேறு பேராசிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். அவர்களை கொலைகாரர்கள் என்றே திட்டினார். கேட்க நினைத்தவர்கள்கூட விலகிப் போனார்கள்.

*கடைசி 14 நாட்கள்*

1865-ல் அவரது நடத்தை வெகுவாக மாறியது. என்ன நோய் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அந்த ஜூலை மாத இறுதியில் ஒரு புதிய மருத்துவ நிலையத்தைப் பார்க்கலாம் என்று சொல்லி, அதே ஹெப்ரா அவரை வியன்னாவில் ஒரு மனநலக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார். உண்மை புரிந்ததும் செம்மல்வைஸ் வெளியேறப் பார்த்தார். காவலாளிகள் அவரை அடித்து, கட்டிப்போட்டு, இருட்டறையில் அடைத்தார்கள்.

இரண்டே வாரம். 1865 ஆகஸ்ட் 13 அன்று, காயம் அழுகி நஞ்சு ரத்தத்தில் கலந்ததால் இறந்தார். வயது 47. எந்த மாதிரி நோயிடம் இருந்து தாய்மார்களைக் காப்பாற்றப் போராடினாரோ, கிட்டத்தட்ட அதே மாதிரி நோய்தான் அவரையும் கொண்டுபோனது.

அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 12. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், வண்டிச் சக்கரம் ஏறி கால் எலும்பு முறிந்த 11 வயது சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலத் துணியை வைத்துக் கட்டினார். சிறுவன் பிழைத்தான். கிருமிநாசினி மருத்துவம் அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. செம்மல்வைஸுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லாமல் போனது. இன்று புடாபெஸ்டில் அவர் பெயரில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமே இருக்கிறது. அவர் பிறந்த வீடு அருங்காட்சியகம்.

*சரி, நம்ம வீட்டுக் குழந்தைக்கு என்ன செய்வது?*

செம்மல்வைஸ் கதையில் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் அந்த ரசாயனத்தைத் தாய் மேலேயோ குழந்தை மேலேயோ ஊற்றவில்லை. அவர்களைத் தொடுகிற பெரியவர்களின் கையைத்தான் கழுவச் சொன்னார். இன்றைக்கும் இதுதான் முக்கியம்.

➤ கைக்குழந்தையின் கையில் சானிட்டைசர் தேவையில்லை. தூக்க வருகிறவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும்.

➤ வீட்டில் இருக்கும்போது சோப்பும் தண்ணீரும்தான் முதல் வழி. மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிய கையில் சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸ் மாதிரியான கிருமிகளிடமும் அது அவ்வளவாக எடுபடாது.

➤ வெளியில் தண்ணீர் கிடைக்காத இடத்தில் மட்டும் சானிட்டைசர். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். குழந்தை கையில் பெரியவர்களே ஊற்றி, முழுசாகக் காயும் வரை தேய்த்துவிட வேண்டும். காய்ந்த பிறகு விரலை வாயில் வைத்தால் பயப்பட வேண்டியதில்லை.

➤ ஒரு சொட்டை நக்கிவிட்டால் பெரும்பாலும் ஆபத்து இல்லை. ஆனால் ஒரு வாய் குடித்துவிட்டால் விஷயம் வேறு. சின்ன உடம்பில் ஆல்கஹால் ரத்த சர்க்கரையை சட்டென குறைக்கும். மயக்கம் வரும், மூச்சே திணறலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

➤ தெரியாத கம்பெனி, லேபிள் இல்லாத பாட்டில் வேண்டவே வேண்டாம். அதில் மெத்தனால் இருந்தால் கண்பார்வை போகலாம், உயிரே போகலாம்.

➤ கடை வாசலில் இருக்கும் சானிட்டைசர் ஸ்டாண்ட், பெரியவர்களுக்கு இடுப்பு உயரம். குழந்தைக்கு அது கண் உயரம். 2020-ல் இப்படிக் கண்ணில் சானிட்டைசர் பட்ட குழந்தைகளின் விகிதம் 7 மடங்கு உயர்ந்ததாக பிரான்ஸ் டாக்டர்கள் கணக்கெடுத்தார்கள். கண்ணில் பட்டால் கசக்க விடாமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

➤ சானிட்டைசர் சட்டென தீப்பிடிக்கும். கை ஈரமாக இருக்கும்போது அடுப்பு, விளக்கு, பட்டாசு பக்கம் குழந்தை போகக் கூடாது.

➤ மருந்து பாட்டில்களை வைக்கும் இடத்தில் சானிட்டைசரை வைக்காதீர்கள். யவத்மாலில் நடந்தது நம்ம வீட்டிலும் நடக்க ரொம்ப நேரம் ஆகாது.

குழந்தையின் பாதுகாப்பு, அதைத் தொடுகிற பெரியவர் கையில் இருக்கிறது. செம்மல்வைஸ் சொன்னதும் இதைத்தான். அன்றைக்கு இதைக் கேட்க அவருடைய துறையில் பெரும்பாலானவர்கள் தயாராக இல்லை. இதைப் படித்து முடித்ததும், வீட்டில் சானிட்டைசர் பாட்டில் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை எழுந்துபோய் பார்த்துவிடுங்கள். குழந்தைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அதை மேலே தூக்கி வைக்க ஒரு நிமிடம்தான் ஆகும்.