கரும்பின் குரோமோசோம்களை எண்ணிய ஜானகி அம்மாள்

கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934-ஆம் ஆண்டு பணியேற்ற ஜானகி அம்மாளுக்கு அப்போது வயது 36. தலச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றவர். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1931-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே அரிதாக இருந்த காலம் அது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

கோழிப்பண்ணையும் விசைத்தறியுமே பிழைப்பாகிவிட்ட பல்லடத்தில் வாழும் எனக்கு, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இந்தப் பெண்மணியின் நினைவு வரும். கரும்பு ஒரு விசித்திரமான பயிர். பருத்த, இனிப்பு மிகுந்த கரும்பினத்தின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. கோவைப் பகுதியில் யாரும் நடாமலே வளரும் நாணலில் 64 உள்ளன. தாயும் தந்தையும் பாதிப்பாதி தருவதே இயற்கையின் வழக்கம் என்பதால், இவ்விரண்டின் பிள்ளைக்கு 72 இருக்க வேண்டும். இருப்பதோ 112. தாய்க்கரும்பு தன் 80 குரோமோசோம்களையும் அப்படியே கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் டச்சு ஆய்வாளர் பிரேமர் இதை முதலில் கண்டார். இந்தக் கலப்பில் கோவையில் பிறந்து, 1918-இல் வடஇந்திய உழவர்களின் வயலுக்குச் சென்ற கோ 205 ரகம்தான் இந்தியச் சர்க்கரைத் தொழிலின் போக்கை மாற்றியது.

கலப்பினம் உருவாக்கியவர்களின் பெயர் நிலைத்துவிட்டது. எந்தச் செடியோடு எதைச் சேர்த்தால் குரோமோசோம்கள் ஒத்துப்போகும் என்று நுண்ணோக்கியில் கண் வலிக்க எண்ணிச் சொன்னவரின் பெயர் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. ஜானகி அம்மாள் நாணலோடு பல புல்லினங்களைக் கலந்து பார்த்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்த கலப்பு பற்றிய அவரது குறிப்பு 1938-இல் நேச்சர் இதழில் வெளியானது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே சி.வி.ராமனின் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றிருந்தது. ஆயினும் தனித்து வாழும் பெண் என்பதும், அவர் பிறந்த சமூகமும் கோவையில் சக ஆய்வாளர்களிடையே அவருக்கு இடைஞ்சலாக இருந்தன என்று அவர் வாழ்வை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். ஐந்தாண்டுகளில் அவர் கோவையை விட்டுப் போனதில் நமக்குத்தான் இழப்பு.

எடின்பரோவில் 1939-இல் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றவரைப் போர் இங்கிலாந்திலேயே நிறுத்திவிட்டது. அங்கே டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் வெளியிட்ட பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ், ஆயிரக்கணக்கான தாவரங்களின் எண்ணிக்கையை ஒரே நூலில் தந்தது. பிறகு விஸ்லி தோட்டத்தில் கோல்சிசின் என்னும் நஞ்சைக் கொண்டு மக்னோலியா நாற்றுகளின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் இழைகளை இந்த நஞ்சு உருவாகவிடாது. பிரிய வேண்டியவை பிரியாமல் ஓரணுவிலேயே தங்கிவிடும். அவ்வகையில் வந்த ஒரு மக்னோலியா இன்றும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இழுக்கும் நேரம் வரை இரட்டைக் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்ற கேள்விக்கு அவர் காலத்தில் விடை இல்லை. அது 1997-இல், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்டிலிருந்து கிடைத்தது. கோஹெசின் எனப்படும் புரதக் கூட்டு, வளையம் போல் அவற்றைக் கட்டிவைக்கிறது. உரிய நொடியில் செபரேஸ் என்னும் மற்றொரு புரதம் அந்த வளையத்தை அறுக்கிறது. ஈஸ்ட் முதல் கரும்பு வரை, நம் உடல் வரை, இதே ஏற்பாடுதான். அந்த அறுப்பு பிசகினால் குரோமோசோம் கணக்கும் பிசகும். கரும்பை விட்டுவிட்டு ஈஸ்டில் ஏன் தேடினார்கள் என்றால், 112 குரோமோசோம்களின் நெரிசலில் ஒரு புரதத்தைத் துரத்துவதைவிடப் பதினாறே உள்ள அணுவில் துரத்துவது எளிது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள், இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். என் பார்வையில், அவர் வாழ்வின் உச்சம் இவை எவையும் அல்ல. எண்பது வயதை ஒட்டிய காலத்தில், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலுள்ள அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை அவர் எதிர்த்ததே உச்சம். பயிரைப் பெருக்கும் துறையில் இருந்தவர் காட்டுக்காகப் பேசியது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். நாணல் இல்லாமல் கோ 205 இல்லை என்பதை நுண்ணோக்கியில் கண்டவருக்கு அதில் முரண் ஏதும் இருந்திருக்காது. நொய்யல் கரையில் சாயக்கழிவு ஓடியபோது அங்கே என்னென்ன புல் அழிந்தது என்று நம்மில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் கடைசிவரை உழைத்தவர் 1984 பிப்ரவரி 7 அன்று காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.