மார்க்கஸ் அரேலியஸ்

நாடுகளை வென்று புகழ் கொண்ட மன்னர் பலர். கோட்டைகளும் மாளிகைகளும் எழுப்பித் தம் பெயரை நிலைநிறுத்தியோரும் பலர். தம் மனத்தைத் தாமே ஆராய்ந்து, நாள்தோறும் அதனைத் திருத்த முயன்றதனால் உலகம் மறவாத மன்னரோ மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் மார்க்கஸ் அரேலியஸ் என்னும் உரோமப் பேரரசர். அவர் கி.பி. 161 முதல் 180 வரை அரசு செலுத்தினார். மேற்கே பிரிட்டன் தீவு முதல் கிழக்கே சிரியா வரையிலும், தெற்கே எகிப்து வரையிலும் அவர் ஆணை சென்றது.

மார்க்கஸ் கி.பி. 121ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 26ஆம் நாள் உரோமாபுரியில் உயர்குடி ஒன்றில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பாட்டனார் அவரை வளர்த்தார். செல்வமும் ஏவலரும் நிறைந்த இல்லத்தில் வளர்ந்தும், அவர் உள்ளம் எளிய வாழ்வையே நாடிற்று. 12 வயதிலேயே மெய்யறிவாளர் அணியும் முரட்டு ஆடையை உடுத்து, வெறுந்தரையில் படுத்துறங்கத் தொடங்கினார். தாயார் மிகவும் வேண்டிக்கொண்ட பின்னரே, தோல் விரித்த சிறு கட்டிலிற் படுக்க இசைந்தார்.

அக்காலத்தில் உரோமை ஆண்ட ஏட்ரியன் என்னும் பேரரசர், இச்சிறுவரின் வாய்மையைக் கண்டு வியந்தார். அவர் தமக்குப்பின் அந்தோனினஸ் பயஸ் என்பவரை அரசராக்க முடிவு செய்தபோது, அந்தோனினஸ் மார்க்கஸைத் தம் மகனாக ஏற்றுக்கொள்ளவேண்டும் என்றும் பணித்தார். இவ்வாறு 138ஆம் ஆண்டில், 17ஆம் அகவையை எட்டும் வேளையில், மார்க்கஸ் அரச மைந்தரானார். அரண்மனை வாழ்வு கிடைத்ததே என்று அவர் களிக்கவில்லை. தாம் வளர்ந்த இல்லத்தை விட்டுப் பிரியவேண்டியதாயிற்றே என்று வருந்தினார்.

அரண்மனையில் நிகழ்ந்ததாக ஒரு செய்தி கூறுவர். மார்க்கஸுக்கு இளமையிற் கல்வி பயிற்றிய ஒருவர் இறந்துபோனார். அதனைக் கேட்டு மார்க்கஸ் கண்ணீர் விட்டு அழுதார். அரச மைந்தர் பிறர் காண அழுதல் தகாது என்று அரண்மனைப் பணியாளர் தடுத்தனர். அதனைக் கண்ட அந்தோனினஸ், அவரைத் தடுக்கவேண்டா என்றும், மெய்யறிவும் அரச பதவியும் மனிதரின் அன்பை அகற்றிவிடமாட்டா என்றும் உரைத்தார். வளர்ப்புத் தந்தையிடம் மார்க்கஸ் கற்ற பாடங்களுள் இது தலையாயது. 23 ஆண்டுகள் அவர் அந்தோனினஸின் அருகிருந்து, ஆட்சி முறையையும் அடக்கத்தையும் கண்கூடாகக் கற்றார்.

நூல்கள் வாயிலாகவும் அவருக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். அவர் பெயர் எபிக்டீட்டஸ். அவர் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமுற்றவர், பின்னர் விடுதலை பெற்று அறம் போதித்தவர். ரஸ்டிக்கஸ் என்னும் அறிஞர், எபிக்டீட்டஸின் போதனைகள் அடங்கிய ஏட்டை மார்க்கஸுக்குப் படிக்கக் கொடுத்தார். நோயும் வறுமையும் இறப்பும் நம் விருப்பத்தின்படி வருவன அல்ல. ஆனால் அவை வரும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பது நம் கையில் உள்ளது என்பதே அப்போதனைகளின் சாரம். ஓர் அடிமையின் அறிவுரையைப் பேரரசர் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் நெஞ்சிற் போற்றினார் என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

161ஆம் ஆண்டில் அந்தோனினஸ் காலமானார். உரோமப் பேரவையினர் மார்க்கஸ் ஒருவரையே அரசராக்க விரும்பினர். ஆனால் மார்க்கஸ், அந்தோனினஸ் தம்முடன் மகனாக ஏற்றுக்கொண்ட லூசியஸ் வீரஸ் என்பவருக்கும் சம உரிமை அளித்தாலன்றித் தாம் அரசேற்க இயலாது என்றார். அவ்வாறே இருவரும் ஒருங்கே அரியணை ஏறினர். அதிகாரத்தைப் பிறரிடமிருந்து பறிப்பதற்காகப் போர் செய்த அரசர் நிறைந்த வரலாற்றில், வலிய வந்த அதிகாரத்தைப் பகுத்துக் கொடுத்தவர் மார்க்கஸ்.

அவர் அரசேற்றதிலிருந்து துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டைபர் ஆறு பெருக்கெடுத்து உரோமாபுரியை அழித்தது, பஞ்சம் தொடர்ந்தது. கிழக்கே பார்த்தியரோடு போர் மூண்டது. அப்போரில் வென்று மீண்ட படைகளோடு கொள்ளைநோய் ஒன்று புகுந்து, நாடெங்கும் பரவி எண்ணற்ற மக்களைக் கொன்றது. வடக்கே டான்யூப் ஆற்றைக் கடந்து பிற இனத்தார் படையெடுத்தனர். 169ஆம் ஆண்டில் துணையரசரான லூசியஸும் இறந்தார். மார்க்கஸின் இல்லமும் துயருக்குத் தப்பவில்லை. அவருக்குப் பிறந்த மக்கள் பதின்மருக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலர் இளமையிலேயே மாண்டனர்; ஆண்மக்களுள் எஞ்சியவன் காமோடஸ் ஒருவனே.

ஊழ் இவ்வாறு வருத்தியபோது அவர் ஊழை நொந்துகொண்டு வாளா இருக்கவில்லை. போர்ச் செலவுக்குக் கருவூலத்திற் பொருள் இல்லை. வரியை உயர்த்தினால் ஏழை மக்கள் நலிவர் என்று எண்ணிய அவர், அரண்மனைப் பொருள்களை ஏலத்தில் விற்க ஆணையிட்டார். பொற்கலங்களும், பளிங்குக் கிண்ணங்களும், அரசியின் பட்டாடைகளும், மணி அணிகளும் உரோமாபுரியின் பொது மன்றத்தில் விற்கப்பட்டன. அவ்வேலம் இரு திங்கள் நடைபெற்றது என்பர். போர் முடிந்தபின், வாங்கியவருள் விரும்பியோர் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும், விரும்பாதோரை வற்புறுத்தக் கூடாது என்றும் கட்டளையிட்டார்.

பெரிய செயல்களிலேயன்றிச் சிறிய செயல்களிலும் அவரது இரக்கம் விளங்கிற்று. ஒருகால் கயிற்றின்மேல் நடந்து வித்தை காட்டிய சிறுவன் ஒருவன் தவறிக் கீழே விழுந்தான். அதுமுதல், கயிற்றின்மேல் ஆடுவோருக்குக் கீழே மெத்தை விரிக்கவேண்டும் என்று மார்க்கஸ் ஆணை பிறப்பித்தார். கூத்தாடிச் சிறுவனின் எலும்பு முறிவதைப் பற்றிப் பேரரசர் ஒருவர் எண்ணினார் என்பது வியப்பன்றோ? அரங்கில் வாட்போர் புரிவோர் ஒருவரையொருவர் கொல்வதைக் கண்டு மக்கள் ஆரவாரிப்பது அந்நாள் வழக்கம். மார்க்கஸ் தம் முன்னிலையில் அவர்கள் மழுங்கிய வாளையே ஏந்தவேண்டும் என்றார். தந்தையற்ற சிறுவரின் உடைமைகளைக் காப்போர் ஒழுங்காக நடக்கின்றனரா என்று கண்காணிப்பதற்கெனத் தனி அதிகாரியை ஏற்படுத்தினார்.

வாழ்நாளின் பிற்பகுதியை அவர் டான்யூப் ஆற்றங்கரைப் பாசறைகளிலேயே பெரிதும் கழித்தார். குளிரும் நோயும் போரும் சூழ்ந்த அவ்விடத்தில் அவர் தமக்குத் தாமே சில எண்ணங்களைக் கிரேக்க மொழியில் எழுதி வந்தார். அவற்றுள் ஒரு பகுதி இன்றைய ஆஸ்திரிய நாட்டிலுள்ள கார்னுண்டம் என்னும் இடத்தில் எழுதப்பட்டது. பிறர் படித்துப் பாராட்டவேண்டும் என்று எழுதியதன்று அந்நூல். தம்மைத் தாமே இடித்துரைத்துத் திருத்திக்கொள்வதற்கு எழுதியது. 12 பகுதிகளைக் கொண்ட அதன் முதற்பகுதி முழுதும் நன்றியுரையே. பாட்டனாரிடமும், தாயாரிடமும், ஆசிரியர்களிடமும், வளர்ப்புத் தந்தையிடமும் தாம் கற்ற நற்பண்புகளை ஒவ்வொன்றாக அதில் எண்ணிக் குறித்துள்ளார். மனிதர் ஒருவருக்கொருவர் துணை செய்யவே பிறந்தனர் என்பதும், தீங்கு செய்வோர் நன்மை தீமை அறியாமையால் செய்கின்றனர் என்பதும், கைம்மாறு கருதாமல் நன்மை செய்தல் வேண்டும் என்பதும் அந்நூலிற் பன்முறை வருகின்றன.

எழுதுதல் எளிது, எழுதியவாறு நடத்தல் அரிது. மார்க்கஸுக்கும் அச்சோதனை வந்தது. 175ஆம் ஆண்டில், மார்க்கஸ் இறந்துவிட்டார் என்னும் பொய்ச் செய்தி கிழக்கு நாடுகளிற் பரவியது. அங்கே படைத்தலைவராயிருந்த அவிடியஸ் காசியஸ் தம்மையே பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். செய்தி பொய் எனத் தெரிந்த பின்னும் அவர் பின்வாங்கவில்லை. மூன்று திங்கள் கழிந்தபின் அவர் தம் படையினராலேயே கொல்லப்பட்டார். அவர் தலையை மார்க்கஸிடம் கொண்டு வந்தனர். மார்க்கஸ் அதனைக் காண மறுத்து, முறைப்படி அடக்கம் செய்யுமாறு பணித்தார். பகைவரை மன்னிக்கும் வாய்ப்பைத் தாம் இழந்ததற்காக அவர் வருந்தினார். காசியஸுக்குப் பிறர் எழுதிய கடிதங்கள் படிக்கப்படாமலே எரிக்கப்பட்டன. படித்தால் பலரை வெறுக்க நேரும் என்பது காரணம். காசியஸைச் சார்ந்தோரைக் கொல்ல வேண்டா என்றும் அவர் பேரவையினரைக் கேட்டுக்கொண்டார்.

அவர் வாழ்வு முற்றும் குறையற்றது என்று கூறுதல் உண்மையாகாது. அடிமை ஒருவரின் அறிவுரையைப் போற்றிய அவர், அடிமை முறையை ஒழித்தாரில்லை. 177ஆம் ஆண்டில், இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகரில் கிறித்தவர் பலர் கொடுமையாகக் கொல்லப்பட்டது அவர் ஆட்சியிலேதான். தகுதியுடையாரைத் தேர்ந்து அரசளித்த முன்னோர் வழியை விடுத்து, மகன் காமோடஸுக்கே அவர் ஆட்சியை அளித்தார். அவனோ கொடுங்கோலனாகி, 192ஆம் ஆண்டின் இறுதியிற் கொலையுண்டான். அறிவுடையோரும் தம் காலத்தின் வழக்கங்களுக்கும் பாசத்திற்கும் கட்டுப்படுதல் உண்டு என்பதை இவற்றால் அறிகிறோம்.

180ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், 58ஆம் வயதில், டான்யூப் போர் முடியுமுன்னரே மார்க்கஸ் நோயுற்று உயிர் நீத்தார். அவர் காத்த பேரரசு பிற்காலத்தில் அழிந்தது. அவர் வென்ற போர்களை இன்று நினைப்பார் சிலரே. பாசறையில் தமக்கென்று அவர் எழுதிய சிறுநூலோ, 1559ஆம் ஆண்டில் முதன்முதலாக அச்சேறி, பின்னர்ப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு இன்றும் படிக்கப்படுகிறது. வருவதை விலக்குதல் பேரரசருக்கும் இயலாது. வந்தபோதும் பிறரிடம் அன்பு குன்றாது நடத்தல் எளிய மனிதர்க்கும் இயலும். மார்க்கஸின் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.