பறவை இல்லாத ஊரில் பறவையைக் ‘காட்டியவர்’: யார் இந்த மைனர்ட்ஸ்ஹேகன்?

வழக்கமாக வாழும் பகுதியைவிட்டு வெகு தூரத்தில் ஓர் அரிய பருந்தோ ஆந்தையோ தென்பட்டால், இன்று பறவை ஆர்வலர்கள் கேமராவோடு கிளம்பிவிடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படியில்லை. பாடம் செய்யப்பட்ட பறவையும் அதன் காலில் கட்டிய சீட்டும்தான் ஆதாரம். அந்தச் சீட்டிலேயே பொய் எழுதினால்? அதைத்தான் செய்தார் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன்.

யார் இவர்?

1878-ல் லண்டனில் வசதியான வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். 1899-ல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இந்தியா வந்தார். பிறகு கென்யா. அங்கே 1905-ல், பேச்சுவார்த்தைக்கு வந்த நந்தி மக்களின் தலைவர் கொய்தலேலைச் சுட்டுக் கொன்ற சம்பவம் இன்றும் அவர் பெயரோடு ஒட்டியிருக்கிறது.

பறவையியலில் அவருக்கு இருந்த மரியாதையே வேறு. 1937-ல் நம்ம சாலிம் அலியோடு ஆப்கானிஸ்தானில் பறவைகளைத் தேடினார். அரேபியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் எழுதினார். சுமார் 20,000 பறவை மாதிரிகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 1967-ல் 89 வயதில் இறந்தார்.

எப்படிச் சிக்கினார்?

உயிரோடு இருந்தபோதே சந்தேகம் இருந்தது. மாதிரிகளை அனுமதியின்றி எடுத்ததாக, அருங்காட்சியகப் பறவை அறைக்குள் வர ஒன்றரை ஆண்டு தடை விதிக்கப்பட்டது. ஆனால் விஷயம் அதோடு அமுங்கிப்போச்சு.

1993-ல் ஆலன் நாக்ஸ் என்ற ஆய்வாளர் மோசடியை அம்பலப்படுத்தினார். அடுத்து பமீலா ராஸ்முசென், ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸ் இருவரும் தோண்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சேகரிப்பாளரும் பறவையைப் பாடம் செய்யும் விதம் கையெழுத்து மாதிரி, மாறாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், பிறர் சேகரித்த பறவைகளைத் திருடி, புது ஊர், புது தேதி எழுதிய சீட்டை அவர் கட்டியிருந்தது தெரிந்தது.

இந்தியாவுக்கு என்ன பாதிப்பு?

‘ஃபாரஸ்ட் அவுலெட்’ என்ற சின்ன ஆந்தை இந்தியாவில் மட்டுமே உண்டு. அதை 1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் பிடித்ததாக மைனர்ட்ஸ்ஹேகன் பதிவு செய்திருந்தார். உண்மையில் அது 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்த பறவை. அந்தப் பொய்ப் பதிவை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடங்களில் ராஸ்முசென் குழு தேடியது. 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே ஆந்தை உயிரோடு கிடைத்தது. கடைசி உண்மையான பதிவு 1884-ல். இடையில் 113 ஆண்டுகள்!

அழிந்துவிட்டதாக அஞ்சப்பட்ட ஒரு பறவையை எங்கே தேடுவது, எந்தக் காட்டைக் காப்பாற்றுவது என்பதெல்லாம் இந்தச் சின்னச் சீட்டை நம்பித்தான் முடிவாகிறது. அவர் விட்டுப்போன மற்ற மாதிரிகளில் எது நிஜம், எது பொய் என்று பிரிக்கும் வேலை ஆய்வாளர்கள் தலையில்தான் விழுந்தது.